பிஸ்டன் ஏன் செத்தது?

மைசூர் யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை என்று ஒன்று இருந்தது. 1961லிருந்து 1996ல் கதவை மூடும்வரை அங்கிருந்து வெளியே வந்தவை எல்லாம் டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்கள். முதலில் ஜாவா என்று செக்கோஸ்லோவாகியப் பெயர். எழுபதுகளில் யெஸ்டி என்று ஈரானின் யஸ்த் நகரத்தை நினைவூட்டும் பெயர். பெயர் மாறினாலும் சத்தம் மாறவில்லை. தெருமுனையில் திரும்பும்போதே இன்னார் வருகிறார் என்று வீட்டில் காபி கலக்க ஆரம்பித்துவிடலாம்.

மைசூரிலிருந்து கிழக்கே 60 கி.மீ. சொச்சத்தில் கொள்ளேகால். 1956 நவம்பர் வரை கோயம்புத்தூர் மாவட்டம், பிறகு மைசூர் மாவட்டம், 1997லிருந்து சாமராஜநகர் மாவட்டம். முகவரி மாறியதே தவிர மலைகள் இடம் மாறவில்லை. ஊரை விட்டு எந்தப் பக்கம் போனாலும் ஏற்றம்தான். கிழக்கே அனூர், தாளபெட்டா தாண்டினால் மாதேஸ்வரன் மலை. தெற்கே பிளிகிரிரங்கன் மலை. சாமராஜநகர், ஆசனூர் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் இறங்கினால் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகள். பட்டுக்குப் பெயர்போன ஊர், ஆனால் சுற்றியுள்ள பாதைகள் பட்டு அல்ல.

டர்ட் பைக் என்ற சரக்கு அந்த நாளில் நம் கடைகளில் கிடைத்ததில்லை. மட்கார்டைக் கழற்றி, கட்டை கட்டையாகப் பல் வைத்த டயரை மாட்டினால் யெஸ்டியும் யமஹா ஆர்.எக்ஸ். 100-ம் டர்ட் பைக் ஆகிவிடும். வம்சம் ஒன்றும் சோடை இல்லை. ஜாவாவின் சகோதர நிறுவனமான சி.இசட்.டின் டூ ஸ்ட்ரோக் வண்டிகள் அறுபதுகளில் உலக மோட்டோகிராஸ் பந்தயங்களை ஆண்டன. பெல்ஜியத்துக்காரர் ஜோயல் ராபர்ட் அவற்றில் ஏறித்தான் 1964, 1968, 1969 ஆண்டுகளில் 250 சி.சி. உலகப் பட்டம் வாங்கினார்.

அந்த வண்டிகள் இன்னும் இருக்கின்றன. மாமா விட்டுப்போன யெஸ்டி மாட்டுக் கொட்டகையில் நிற்கிறது. பையன் அதைக் கிளப்பியே தீருவேன் என்கிறான். அல்லது ஓடிக்கொண்டிருந்த ஆர்.எக்ஸ். ஒரு நாள் 'கிரீச்' என்று கத்தி நின்றுவிட்டது. எஞ்சினை வீட்டிலேயே பிரித்துக் கட்டலாமா என்று கேட்கிறார்கள். கட்டலாம். ஆனால் பிரிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. பழைய பிஸ்டன் ஏன் செத்தது?

பெரும்பாலானவர்கள் இதைக் கேட்பதில்லை. பிஸ்டன் உரசிவிட்டதா? சிலிண்டரை லேத்துக்குக் கொடு, போர் போடு, புது பிஸ்டன் கிட் வாங்கு, மாட்டு, கிக்கரை உதை. வண்டி கிளம்பிவிடும். ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்துப் புது பிஸ்டனும் பழையதன் வழியில் போகும். அப்போது பழி கிட் விற்ற கடைக்காரர் மேல் விழும். கொலையாளியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு இரண்டாவது பிணத்தையும் எடுத்துப் போட்டால் எப்படி?

டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்த்தால் விஷயம் புரியும். இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசப் டே 1891ல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. வால்வு இல்லை, கேம் இல்லை. சிலிண்டர் சுவரில் ஜன்னல்கள் மாதிரி சில துளைகள், அதாவது போர்ட்கள். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதுவே அவற்றைத் திறந்து மூடுகிறது. பிஸ்டன் மேலே போகும்போது கீழே கிராங்க் கேஸ் காற்றையும் பெட்ரோலையும் உறிஞ்சுகிறது. கீழே வரும்போது அதை அழுத்தி மேலே தள்ளுகிறது. அதாவது கிராங்க் கேஸே ஒரு பம்ப். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் அந்த இடத்தில் ஆயில் தேங்கி நிற்கும். இங்கே நிற்க இடமில்லை. பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில்தான் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் கஞ்சி. பெட்ரோல் குறைந்தால் கஞ்சியும் குறையும். வெளிக்காற்று எங்காவது திருட்டுத்தனமாக உள்ளே புகுந்தால் கலவை மெலியும், சூடு ஏறும், அலுமினிய பிஸ்டன் உப்பி இரும்புச் சுவரைப் பிடித்துக்கொள்ளும். இதைத்தான் 'சீஸ்' ஆகிவிட்டது என்கிறோம். ஓடுகிற வண்டியில் இது நடந்தால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவில் நடந்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

ஆகவே கழற்றிய பிஸ்டனை உடனே காயலான் கடைக்குப் போடாதீர்கள். அது சாட்சி. வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நாலு மூலையில் செங்குத்தாகக் கீறல் இருந்தால், எஞ்சின் சூடாகும் முன்பே முறுக்கியிருக்கிறார்கள், அல்லது போர் போட்டவர் இடைவெளியை இறுக்கமாக வைத்திருக்கிறார். சைலன்சர் பக்கம் மட்டும் உரசியிருந்தால் அளவு மீறிய சூடு: மெலிந்த கலவை, தவறான இக்னிஷன் டைமிங், அல்லது கரி பிடித்து அடைத்த சைலன்சர். சுற்றிலும் உரசியிருந்தால் ஆயில் போதவில்லை. தலையில் ஓட்டை விழுந்திருந்தால் டைமிங்கையும் பிளக்கையும் சந்தேகியுங்கள். கார்பரேட்டர் பக்கம் மணல் காகிதம் தேய்த்த மாதிரி மங்கலாக இருந்தால் குற்றவாளி புழுதி.

இந்தக் கடைசி விஷயம் மண்பாதை வண்டிகளுக்கு முக்கியம். டூ ஸ்ட்ரோக்கில் ஏர் ஃபில்டரைத் தாண்டிய தூசி நேராகக் கிராங்க் கேஸுக்குள் போய், பேரிங்குகளை விசாரித்துவிட்டுத்தான் சிலிண்டருக்கு வருகிறது. ஃபில்டரைக் கழற்றிவிட்டால் வண்டி 'இழுக்கும்' என்று நம்புகிறவர்கள் உண்டு. இழுக்கும், எஞ்சினைக் கல்லறைக்கு.

இனி பிரிக்கலாம். முதலில் வண்டியை முற்றத்துக்குக் கொண்டுபோங்கள். அடுப்பு எரியும் வீட்டுக்குள் பெட்ரோலில் பாகம் கழுவுவது எஞ்சின் வேலை இல்லை, தீயணைப்புப் படைக்கு வேலை வைப்பது. வெளியில், பெட்ரோலுக்குப் பதிலாக மண்ணெண்ணெயோ டீசலோ வைத்துக் கழுவலாம். கழற்றும் ஒவ்வொரு திருகையும் எங்கிருந்து வந்தது என்று எழுதிய தனித்தனி டப்பாவில் போடுங்கள். ஹெட் நட்டுகளைக் குறுக்கும் மறுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். மாட்டும்போதும் அதே முறை. சிலிண்டரைத் தூக்கியதும் கிராங்க் கேஸின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் லாக் கம்பி ஒன்று துள்ளி உள்ளே விழுந்தால் அரை நாள் வேலை மூன்று நாளாகும். அந்த லாக்கை மறுபடி உபயோகிக்கவும் கூடாது. சில ரூபாய் மிச்சம் பிடித்து எஞ்சினை இழந்தவர்கள் உண்டு. மேக்னட்டை அதற்குரிய புல்லர் போட்டே கழற்ற வேண்டும். சுத்தியலால் தட்டினால் கிராங்க் கோணும்.

கனெக்டிங் ராடை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது இயல்பு. மேலும் கீழும் 'டக்' என்றால் பிக் எண்ட் போய்விட்டது. அதற்கு மேல் அது வீட்டு வேலை அல்ல. கிராங்க் பல துண்டுகளை அழுத்திச் சேர்த்த பொருள். அதைப் பிரிக்க ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். சேர்த்த பிறகு 'வி' பிளாக்கில் வைத்து டயல் கேஜால் ஓட்டம் பார்த்து, மில்லிமீட்டரில் நூறில் சில பங்குக்குள் நேராக்க வேண்டும். அந்தக் கை பழகியவர்கள் மைசூரிலும் கோவையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுப்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. எது தன் வேலை, எது தன் வேலை இல்லை என்று தெரிவது மெக்கானிக்குக்குப் பாதிப் படிப்பு.

வீட்டில் செய்யக்கூடியதும், பலர் செய்யாமல் விடுவதும் ஆயில் சீல்கள். கிராங்கின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு ரப்பர் சீல் உண்டு. விலை சொற்பம். பத்து வருஷம் நின்ற வண்டியில் அது அப்பளம் மாதிரி காய்ந்திருக்கும். மேக்னட் பக்கத்து சீல் கசிந்தால் காற்று புகுந்து கலவை மெலியும். பிஸ்டன் கொலைகளில் முக்கால்வாசி மர்மத்துக்கு விடை இங்கே கிடைக்கும். கிளட்ச் பக்கத்து சீல் கசிந்தால் கியர் ஆயிலை எஞ்சின் குடிக்கும். புகை வெள்ளை வெள்ளையாக வரும், கியர் பெட்டியில் அளவு குறைந்துகொண்டே போகும், கீழே தரையில் மட்டும் ஒரு சொட்டு இருக்காது. 'ஆயில் எங்கே போகுது?' என்று குழம்பும் வீடுகளில் அது சைலன்சர் வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

பேரிங் மாற்றும்போதும் சுத்தியலை ஒதுக்கி வையுங்கள். நன்றாகக் கழுவிக் காயவைத்த அலுமினியக் கேஸை, ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் 'சுர்' என்று சொல்லும் அளவுக்கு மின்சார அடுப்பில் சீராகச் சூடாக்குங்கள். பேரிங்கை முந்தின இரவே பிரிட்ஜின் ஃப்ரீஸரில் வைத்திருந்தால், தானாகவே போய் உட்கார்ந்துகொள்ளும். இட்லி மாவுக்குப் பக்கத்தில் பேரிங் வைப்பதற்கு வீட்டம்மாவிடம் அனுமதி வாங்குவது உங்கள் சாமர்த்தியம்.

சிலிண்டருக்கு வருவோம். லேத் பட்டறைக்குப் போனதும், "எவ்வளவு போடணும் சார்?" என்பார்கள். "நீங்களே பார்த்துப் போடுங்க" என்று சொன்னால் விஷயம் கை நழுவியது. முதலில் அளக்க வேண்டும். போர் கேஜை மேலே, நடுவே, கீழே என்று மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பார்த்தால் சிலிண்டர் எங்கே வயிறு வைத்திருக்கிறது, எங்கே முட்டையாகியிருக்கிறது என்று தெரியும். அதற்குத் தகுந்த ஓவர்சைஸ் பிஸ்டனை, வழக்கமாக 0.25 மி.மீ. படிகளில் கிடைக்கும், முதலில் வாங்கிக் கையில் கொடுத்து, அந்த பிஸ்டனுக்குத்தான் போர் போடச் சொல்ல வேண்டும். பிஸ்டனும் சுவரும் பகிர்ந்துகொள்ளும் இடைவெளி தலைமுடியின் பருமன்தான். பெட்டியில் போட்ட அளவை நம்பி வெட்டினால் அந்த முடியும் மிஞ்சாது.

இன்னொன்றையும் பட்டறையிலேயே நின்று கேட்டு வாங்க வேண்டும். போர் போட்டதும் போர்ட்களின் ஓரங்கள் பிளேடு மாதிரி கூராக இருக்கும். அவற்றை லேசாகச் சாய்த்து மழுக்க வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் சிலிண்டரில் துளையே கிடையாது என்பதால், அதிலேயே பழகிய கைகளுக்கு இது நினைவுக்கு வராது. மழுக்காவிட்டால் ரிங் அந்த ஓரத்தில் மாட்டி உடையும். ரிங் சுழன்று போர்ட்டில் சிக்காமல் இருக்க பிஸ்டன் பள்ளத்தில் சின்ன ஊசி வைத்திருப்பார்கள். ரிங்கின் இரு முனைகளும் அந்த ஊசியின் இரு பக்கமும் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே சிலிண்டரை இறக்க வேண்டும். பிஸ்டன் தலையில் அம்புக்குறி இருந்தால் அது சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கைத் தனியாக சிலிண்டருக்குள் நுழைத்து ஃபில்லர் கேஜால் முனை இடைவெளியையும் பாருங்கள். 50 மி.மீ. போருக்குச் சுமார் 0.2 மி.மீ. இருந்தால் நிம்மதி.

எல்லாம் மாட்டியாயிற்று. கிக்கரில் கால் வைக்கும் முன் ஒரு பரீட்சை. டாக்டர்கள் வைத்திருக்கும் டயல் ரகத்து பி.பி. கருவி பழசாக ஒன்று கிடைத்தால் போதும். சைலன்சர் வாயையும் கார்பரேட்டர் வாயையும் ரப்பர் வைத்து அடைத்து, ஒரு வழியாக மட்டும் அந்தக் கருவியின் குழாயைச் சேர்த்து, டயலில் 300 காட்டும்வரை பந்தை அமுக்குங்கள். சதுர அங்குலத்துக்கு ஆறு பவுண்டு அழுத்தம், சீல்களுக்கு அது வலிக்காது. ஐந்து நிமிஷம் ஊசி பெரிதாக அசையாமல் நின்றால் எஞ்சின் ஆரோக்கியம். இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள், நுரை வரும் இடமே நோய். புது பிஸ்டன் கொல்லப்படுவதற்கு முன்பே கொலையாளியைப் பிடிக்கும் வழி இது. செலவு ஒன்றுமில்லை. ஆனால் இதைச் செய்யாமல் கட்டப்படும் எஞ்சின்கள்தான் அதிகம்.

வண்டி கிளம்பிவிட்டது. நீலப் புகை, பழைய சத்தம், தெருவில் எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள். உடனே மலைக்கு விட வேண்டும் என்று கை பரபரக்கும். பொறுங்கள். முதல் சில நாள் சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி சூடாக்கி ஓட்டுங்கள். முதல் 500 கி.மீ. வரை உச்சத்துக்கு முறுக்கவும் வேண்டாம், உயர்ந்த கியரில் முக்கி முனக விடவும் வேண்டாம். இடையில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். சாக்லேட் நிறம் நல்லது. சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் கலவை மெலிவு, அடுத்த சாவுக்கு முன்னறிவிப்பு. ஈரக் கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், பாக்கெட்டுக்கு மட்டுமே ஆபத்து. ஆயில் அளவைக் கண் மதிப்பில் ஊற்றாதீர்கள். 25க்கு ஒன்று என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50க்கு ஒன்று என்றால் 20 மில்லி. உங்கள் வண்டிக்கு எது என்று அதன் கையேட்டைப் பார்த்து, மருந்து அளப்பதைப் போல அளந்து ஊற்றுங்கள்.

கொள்ளேகால் பக்கத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக் ஏற்றத்தில் சாகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இறக்கத்திலும் சாகும். மாதேஸ்வரன் மலையிலிருந்தோ திம்பத்திலிருந்தோ இறங்கும்போது நாம் செய்வதென்ன? கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடி, எஞ்சினே பிரேக் பிடிக்கட்டும் என்று விடுகிறோம். நான்கு ஸ்ட்ரோக்கில் அது சரி. டூ ஸ்ட்ரோக்கில் ஆக்ஸிலேட்டரை மூடியதும் பெட்ரோல் நின்றது, அதோடு ஆயிலும் நின்றது. சக்கரம் எஞ்சினை வேகமாகச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது, கஞ்சி மட்டும் வரவில்லை. தனி ஆயில் பம்ப் வைத்த வண்டிகளிலும் அந்தப் பம்ப் பெரும்பாலும் ஆக்ஸிலேட்டர் கேபிளோடுதான் கட்டப்பட்டிருக்கும். ஸ்வீடன் நாட்டு சாப் நிறுவனம் தன் டூ ஸ்ட்ரோக் கார்களில், ஆக்ஸிலேட்டரை விட்டால் சக்கரம் எஞ்சினைச் சுழற்றாமல் சைக்கிள் மாதிரி தானே உருளும் ஏற்பாட்டை வைத்ததற்கு இதுதான் காரணம். நம் வண்டிகளுக்கு அந்த வசதி இல்லை. நாம்தான் பிரேக்குகளை மாற்றி மாற்றி உபயோகித்து, இடையிடையே கிளட்சைப் பிடித்து ஆக்ஸிலேட்டரை ஒரு சொடுக்கு முறுக்கி எஞ்சினுக்கு ஒரு வாய் ஊட்ட வேண்டும். இறக்கத்தில் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் மேல் இருக்கட்டும். எஞ்சின் பிடித்துக்கொண்ட அந்தக் கணத்தில் கிளட்சை அழுத்தினால் பின்சக்கரம் விடுபடும். ஒரு புது பிஸ்டனோடு தப்பிக்கலாம்.

மண்பாதை என்றதும் காட்டுக்குள் விடத் தோன்றும். வேண்டாம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பிளிகிரிரங்கன் மலை புலிகள் காப்பகம், மாதேஸ்வரன் மலை சரணாலயம், காவிரி சரணாலயம் என்று மூன்றும் தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. பொதுச் சாலை தவிர மற்றதெல்லாம் யானைகளின் முற்றம். நம் முற்றத்தில் யாராவது சைலன்சரைக் கழற்றிவிட்டு வண்டி ஓட்டினால் பொறுப்போமா?

புகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டூ ஸ்ட்ரோக் ரசிகர்கள் இந்தப் பேச்சு வந்தால் சைலன்சரைவிட அதிகம் புகைவார்கள். ஆனால் உண்மை அவர்கள் பக்கம் இல்லை. புதுக் கலவை உள்ளே வரும்போது பழைய புகை போகும் ஜன்னலும் திறந்தே இருப்பதால், பெட்ரோலில் கணிசமான பங்கு எரியாமலே வெளியே போய்விடும். ஆயில் வேறு எரிகிறது. 1985ல் ஹீரோ ஹோண்டாவின் நான்கு ஸ்ட்ரோக் வண்டி வந்து மைலேஜ் என்றால் என்னவென்று காட்டியது. 1996லும் 2000த்திலும் புகைக் கட்டுப்பாடுகள் இறுகின. மோட்டார் சைக்கிள் சந்தையிலிருந்து டூ ஸ்ட்ரோக் மெல்ல மறைந்தது. அந்தத் தீர்ப்பு நியாயமானதே. ஜாவா 2018லும் யெஸ்டி 2022லும் மறுபடி வந்தபோது இரண்டும் நான்கு ஸ்ட்ரோக்காகத்தான் வந்தன. உலகப் பந்தயத் தடங்களில் டர்ட் பைக்குகள் மட்டும் இன்னும் விடவில்லை. எடை குறைவு, உடனடி இழுவை. ஆஸ்திரியாவின் கே.டி.எம். 2017ல் பெட்ரோலைக் கணக்காக ஊசி போடும் டூ ஸ்ட்ரோக் வண்டிகளை அறிவித்தது.

ஆகவே பழைய டூ ஸ்ட்ரோக்கைக் கட்டி தினசரி ஆபீசுக்குப் போங்கள் என்று சொல்ல வரவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் ஓடட்டும். அதைக் கட்டுவதில் கிடைக்கும் லாபம் வேறு. இன்றைய வண்டியில் கோளாறு வந்தால் டாஷ்போர்டில் விளக்கு எரிகிறது; சர்வீஸ் சென்டர்காரர் கம்ப்யூட்டரைச் செருகி ஒரு எண்ணைப் படித்து ஒரு பெட்டியை மாற்றுகிறார். ஏன் என்று நாமும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. டூ ஸ்ட்ரோக் எஞ்சினிலோ அசையும் முக்கிய பாகங்கள் மூன்றே மூன்று: பிஸ்டன், கனெக்டிங் ராட், கிராங்க். பதினைந்து வயதுப் பையன் உட்கார்ந்து யோசித்தால் காரணத்திலிருந்து விளைவுக்கும், விளைவிலிருந்து காரணத்துக்கும் நடந்து போய்விட்டு வரலாம். இவ்வளவு தெளிவாகத் தன்னைத் திறந்து காட்டும் வாத்தியார் வேறு கிடைப்பது அரிது.

கொட்டகையில் நிற்கும் அந்த வண்டியைப் பையன் கேட்டால் கொடுத்துப் பாருங்கள். கூடவே செத்த பிஸ்டனையும் கையில் கொடுத்து, "இது ஏன் செத்துச்சுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு, அப்புறம் புதுசு வாங்கித் தர்றேன்" என்று சொல்லுங்கள்.